பதிவேட்டில் பெயர் இல்லை, பட்டம் இருக்கிறது: பிரிட்டனின் டியூக் பட்டங்கள் இயங்கும் விதம்

பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸின் தம்பி ஆண்ட்ரூ, தமது ‘யார்க் டியூக்’ பட்டத்தை இனிப் பயன்படுத்தப் போவதில்லை என்று 2025 அக்டோபர் 17 அன்று அறிவித்தார். இரண்டு வாரங்கள் கூட ஆகவில்லை. அக்டோபர் 30 அன்று, அவருடைய பட்டங்களையும் மரியாதைகளையும் முறைப்படி நீக்கும் நடவடிக்கையை மன்னர் தொடங்கிவிட்டார் என்றும், இனி அவர் ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் வின்ட்சர் என்றே அறியப்படுவார் என்றும் பக்கிங்ஹாம் அரண்மனை தெரிவித்தது. அமெரிக்கப் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் விவகாரத்தில் தம்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை ஆண்ட்ரூ தொடர்ந்து மறுத்து வருகிறார்; அந்த வழக்கின் நியாய அநியாயம் இக்கட்டுரையின் பொருள் அன்று.

இங்கே விளக்க வேண்டியது வேறு. அந்த அறிவிப்புக்குப் பின்னும் யார்க் டியூக் என்ற பட்டம் சட்டப்படி அழியவில்லை. அவருடைய இரண்டு மகள்களும் இளவரசிகளாகவே நீடித்தார்கள். அரியணைக்கான வாரிசு வரிசையில் அவர் எட்டாவது இடத்திலேயே இருந்தார். பட்டம் பறிக்கப்பட்டது என்பதும் பட்டம் இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும்? தமிழில் இளவரசர், கோமகன், பிரபு ஆகிய சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எளிதில் வந்து உட்கார்ந்துவிடுவதால் இந்தக் குழப்பம் நமக்கு இரட்டிப்பாகிறது. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஒரு பெயரில் ஒட்டியிருக்கும் மூன்று வேறு பொருள்கள்

1. அரச குடும்ப அடையாளம். ‘இளவரசர்’, ‘ராயல் ஹைனஸ்’ ஆகியவை இவ்வகை. இவை யாருக்கு உரியவை என்பதை ஐந்தாம் ஜார்ஜ் 1917 நவம்பர் 30 அன்று வெளியிட்ட பட்டயம் வரையறுக்கிறது: மன்னரின் பிள்ளைகள், மன்னரின் மகன்களுடைய பிள்ளைகள், வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுடைய மூத்த மகன் (2012 முதல் அந்த மூத்த மகனுடைய எல்லாப் பிள்ளைகளும்). இது முழுக்க மன்னரின் தனி அதிகாரத்துக்கு உட்பட்டது. அவர் ஒரு கையெழுத்தில் கொடுக்கலாம், ஒரு கையெழுத்தில் எடுக்கலாம்.

2. பிரபுத்துவப் பட்டம். டியூக் முதல் பாரன் வரையிலான ஐந்து படிகள் இதில் அடங்கும். இதை உருவாக்குபவரும் மன்னரே. ஆனால் உருவாக்கிய கணத்திலேயே அது அவர் கையை விட்டுப் போய், பெற்றவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரிய சட்ட உரிமையாகிவிடுகிறது.

3. மரியாதைப் பட்டம். பிரபுக்களின் மனைவி மக்களை வழக்கம் கருதி அழைக்கும் பெயர். இதற்குச் சட்டத் தகுதி எதுவும் இல்லை.

ஆண்ட்ரூவிடம் முதல் இரண்டும் இருந்தன. மன்னரின் மகனாகப் பிறந்ததால் இளவரசர். 1986 ஜூலை 23 அன்று, திருமண நாளில், தாயார் இரண்டாம் எலிசபெத் அளித்ததால் யார்க் டியூக். கூடவே இன்வர்னஸ் ஏர்ல், கில்லிலே பாரன் என்ற இரு துணைப் பட்டங்களும் அன்றே கிடைத்தன. முதல் வகையும் இரண்டாம் வகையும் வேறு வேறு விதிகளால் ஆளப்படுகின்றன என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ஐந்து படிகள்

1. டியூக். மிக உயர்ந்த படி. படையை நடத்திச் செல்பவன் என்று பொருள்படும் ‘டுக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் முதல் டியூக் பட்டம் 1337-இல்தான் பிறந்தது. மூன்றாம் எட்வர்ட் தம் மூத்த மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். அதற்கு முன் நார்மண்டி, அக்விடேன் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகளுக்கு இங்கிலாந்து மன்னர்களே டியூக்குகளாக இருந்தவர்கள். டியூக்கை மட்டும் ‘யுவர் கிரேஸ்’ என்று விளிப்பது மரபு. அவர் மனைவி டச்சஸ்.
2. மார்க்வெஸ். 1385-இல் வந்தது.
3. ஏர்ல். ஐந்தில் மிகப் பழையது, நார்மானியர் படையெடுப்புக்கும் முந்தியது. கணவர் ஏர்ல் என்றாலும் மனைவி கவுன்டஸ்.
4. வைகவுன்ட். 1440-இல் வந்தது.
5. பாரன். கடைசிப் படி, எண்ணிக்கையில் மிகுதியானது.

டியூக் நீங்கலாக மற்ற நான்கு படியினரையும் பேச்சு வழக்கில் ‘லார்ட்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பார்கள். நம் ‘பிரபு’ அதற்கு ஈடாக வந்த சொல். இந்த ஐந்துக்கும் கீழே, முதலாம் ஜேம்ஸ் 1611-இல் தொடங்கிய பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் ஒன்று உண்டு. அதை உடையவர் பெயருக்கு முன் ‘சர்’ வரும். எனினும் அவர் பிரபு வரிசையில் சேர்ந்தவர் அல்லர்.

பட்டத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருப்பதைப் பார்த்து, அந்த ஊர் அவருடையது என்று எண்ணிவிடக் கூடாது. நமக்குப் பழக்கமான ஜமீன் முறையில் பட்டமும் நிலமும் ஒன்றாகவே கைமாறின. ராமநாதபுரம் ராஜா என்றால் ராமநாதபுரம் சீமையின் வரி வருவாயும் அவரைச் சேர்ந்தது. பிரிட்டனில் அப்படியில்லை. 1483 முதல் வரும் நார்ஃபோக் டியூக் பட்டமே இன்று டியூக்குகளில் முதலிடம் பெற்றது. ஆனால் அக்குடும்பத்தின் இருப்பிடமான அரண்டெல் கோட்டை இருப்பது சசெக்ஸில். டெவன்ஷயர் டியூக்கின் சாட்ஸ்வர்த் மாளிகை இருப்பது டார்பிஷயரில். நிலமும் மாளிகையும் உயில், அறக்கட்டளை ஏற்பாடுகள் வழியே ஒரு பாதையில் இறங்குகின்றன; பட்டம் வேறொரு பாதையில் இறங்குகிறது. இரண்டும் ஒருவரிடமே வந்து சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

பட்டத்தைப் பிறப்பிக்கும் பட்டயம்

பட்டம் எந்த ஆவணத்தால் பிறக்கிறதோ அந்த ஆவணத்தின் சொற்களே அதன் ஆயுளையும் தீர்மானிக்கின்றன. பிரிட்டனின் அரச முத்திரை பதித்த இவ்வகைத் திறந்த ஆணையைப் பட்டயம் என்றே சொல்லலாம். செப்புப் பட்டயங்களில் கொடையும் கொடை செல்லும் வழியும் எழுதப்பட்டதைப் போலவே இதிலும் யாருக்கு, எந்தப் பெயரில், அவருக்குப் பின் யாருக்கு என்பது எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலான பட்டயங்கள் ‘அவர் உடலில் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்று முடிகின்றன. இந்த ஒரு தொடரில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன: வாரிசு பட்டம் பெற்றவரின் நேர் வழியில் வர வேண்டும், ஆண் வழியில் வந்த ஆணாக இருக்க வேண்டும், முறையான மணத்தில் பிறந்திருக்க வேண்டும்.

மூன்றும் பொருந்தும் ஒருவர்கூட இல்லாமல் போனால் பட்டம் அழிந்துபோகும். பிறகு ஒரு மன்னர் அதே பெயரில் புதிய பட்டயம் எழுதலாம். ஆனால் அது பழைய பட்டத்தின் தொடர்ச்சி ஆகாது, பெயரை மட்டும் பகிர்ந்துகொள்ளும் புதுப் பட்டம். லண்டனில் இருக்கும் பக்கிங்ஹாம் அரண்மனையின் பெயர், 1703-இல் அங்கே தமக்கு மாளிகை எழுப்பிக்கொண்ட ஜான் ஷெஃபீல்ட் என்ற டியூக்கிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் பட்டம் 1735-இல் வாரிசின்றி முடிந்தது. 1822-இல் கிரென்வில் குடும்பத்துக்குக் கிடைத்த பக்கிங்ஹாம் பட்டம் முற்றிலும் வேறானது. அந்த இரண்டாவது பட்டத்துக்கும் சென்னைக்கும் உறவு உண்டு.

கால்வாய்க்குப் பெயர் தந்தவரின் பட்டங்கள் எங்கே போயின?

சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்களைத் தாங்கிக்கொண்டு திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயை அறியாதவர் இல்லை. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த மூன்றாம் பக்கிங்ஹாம்-சாண்டோஸ் டியூக்கின் பெயரே அது. தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 1877-78-இல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரணக் கூலி வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியில் வாடிய உடல்கள் மண் சுமந்து வெட்டிய வாய்க்காலுக்கு ஆளுநரின் பட்டப் பெயர் சூட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இந்த டியூக்கின் தந்தை கடனில் மூழ்கியவர். குடும்பத்தின் ஸ்டோ மாளிகையிலிருந்த கலைப் பொருள்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் 1848-இல் நாற்பது நாள் ஏலத்தில் போயின. நிலமும் செல்வமும் கரைந்தபோதும் பட்டம் குலையவில்லை. ஏனெனில் பட்டத்தை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, கடன்காரர் அதன்மேல் கை வைக்கவும் முடியாது. மகன் அதே பட்டத்தோடு ரயில்வே நிறுவனம் ஒன்றின் தலைவராகவும், பின்னர் அமைச்சராகவும், ஆளுநராகவும் ஆனார்.

அவர் 1889-இல் இறந்தார். மூன்று மகள்கள்; மகன் இல்லை. அவரிடம் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பட்டயங்களால் பிறந்த பல பட்டங்கள் குவிந்திருந்தன. அவர் இறந்ததும் அந்தக் கொத்து அவிழ்ந்து, ஒவ்வொன்றும் தன் தன் விதிப்படி தனித்தனியே புறப்பட்டது:

1. டியூக் பட்டம் ஆண் வழி வாரிசுக்கு மட்டுமே உரியது. ஆகவே அவரோடு அழிந்தது.
2. ஸ்டோவின் ஏர்ல் டெம்பிள் என்ற பட்டத்தின் பட்டயத்தில், அவருடைய சகோதரியின் ஆண் மக்களுக்கும் அது செல்லலாம் என்ற சிறப்பு விதி எழுதப்பட்டிருந்தது. அது மருமகனாகிய சகோதரி மகனுக்குப் போனது.
3. 1718-இல் பிறந்த காபம் வைகவுன்ட் பட்டம், தூரத்து உறவினரான லிட்டில்டன் பிரபுவுக்குப் போனது.
4. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கின்லாஸ் பட்டம் பெண்களுக்கும் இறங்கக்கூடியது. அது மூத்த மகள் மேரிக்குப் போனது. அவர் தம் சொந்த உரிமையிலேயே கின்லாஸ் சீமாட்டி ஆனார்.

ஒரே மனிதர், ஒரே மரணம், நான்கு முடிவுகள். இந்தப் பட்டங்களைக் குடும்பச் சொத்து என்று பொதுவாகச் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பெண்களின் உரிமை பட்டயத்துக்குப் பட்டயம் மாறுவதைக் கவனிக்க வேண்டும். முதல் மார்ல்பரோ டியூக்குக்கு உயிரோடு மகன் இல்லாமல் போனபோது, மகள்கள் வழியே பட்டம் செல்ல நாடாளுமன்றமே தனிச் சட்டம் செய்தது. அதன்படி 1722-இல் மகள் ஹென்ரியட்டா டச்சஸ் ஆனார். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு மகன் இல்லை; அவருடைய பட்டயத்தில் மகளுக்கு இறங்கும் விதி எழுதப்பட்டிருந்ததால், 1979-இல் அவர் கொல்லப்பட்டதும் மூத்த மகள் பட்ரிஷியா கவுன்டஸ் ஆனார். இவை விதிவிலக்குகளே. அரியணை வாரிசில் ஆண் முன்னுரிமையை நீக்கிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுப் பட்டங்களைத் தொடவில்லை. மூத்த மகள் இருக்க, தூரத்துப் பங்காளி ஒருவர் பட்டத்தை எடுத்துக்கொள்ளும் நிலை இன்றும் தொடர்கிறது. மன்னர் பதவிக்கே பெண் சமம் என்று ஒப்புக்கொண்ட நாட்டில் இது நீடிப்பதற்கு நியாயமான காரணம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

‘சட்டப்படி பிறந்த’ என்ற நிபந்தனை ஓர் இந்தியக் குடும்பத்தைப் பல ஆண்டுகள் காக்க வைத்தது. சத்யேந்திர பிரசன்ன சின்ஹா 1919-இல் ராய்ப்பூர் பாரன் சின்ஹா ஆக்கப்பட்டார். பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். 1928-இல் அவர் இறந்தபின் மகன் அருண்குமார், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தமக்குரிய இடத்தைக் கோரினார். எழுந்த சிக்கல் இது: பெற்றோர் இந்து முறைப்படி மணந்தவர்கள், அன்றைய இந்து மணம் பலதார மணத்துக்கு இடம் தந்தது, அத்தகைய மணத்தில் பிறந்தவர் ஆங்கிலச் சட்டத்தின் பார்வையில் முறையான வாரிசா? மகன் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் ஒருதார மணத்தை வலியுறுத்தும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார்கள் என்பது ஏற்கப்பட்டு, 1939-இல்தான் அவருடைய உரிமை உறுதியானது. வங்காளத்து வீட்டின் திருமணம் ஒன்று, வெஸ்ட்மின்ஸ்டரின் குழு அறையில் இத்தனை நுணுக்கமாக எடைபோடப்பட்டது.

மரியாதைக்காக வழங்கும் பெயர்கள்

டியூக்கின் மூத்த மகன், தந்தை உயிரோடு இருக்கும்வரை, தந்தையின் துணைப் பட்டம் ஒன்றை வழக்கத்தால் பயன்படுத்துவார். டெவன்ஷயர் டியூக்கின் மூத்த மகன் ஹார்ட்டிங்டன் மார்க்வெஸ் எனப்படுவார். அவருடைய மூத்த மகன் பர்லிங்டன் ஏர்ல் எனப்படுவார். மூன்று தலைமுறைக்கு மூன்று பெயர், ஆனால் சட்டப்படி பிரபு ஒருவரே. இளைய மகன்கள் தம் பெயருக்கு முன் ‘லார்ட்’ சேர்த்துக்கொள்வார்கள்; அந்த இளைய மகன்களின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தை மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன், ஆகவே லார்ட் ராண்டால்ஃப். அதே டியூக்கின் பிளென்ஹைம் மாளிகையில் 1874-இல் பிறந்தும் வின்ஸ்டன் வெறும் மிஸ்டர் சர்ச்சில். சட்டத்தின் கண்ணில் தந்தையும் மகனும் சாதாரணக் குடிமக்கள்; அதனால்தான் இருவரும் நாடாளுமன்றத்தின் கீழவையான மக்கள் சபைத் தேர்தலில் நிற்க முடிந்தது.

பட்டம் அதிகாரமாக இருந்த காலமும் அது தேய்ந்த விதமும்

பரம்பரைப் பட்டம் நூற்றாண்டுக் கணக்கில் சட்டம் இயற்றும் உரிமையாகவும் இருந்தது. தந்தை இறந்ததும் மகன் தேர்தல் ஏதுமின்றிப் பிரபுக்கள் சபை உறுப்பினர். அதன் மறுபக்கம், அவர் மக்கள் சபையில் உட்கார முடியாது. இதைத் தாங்க மாட்டாமல் போராடியவர் டோனி பென். அவருடைய தந்தைக்கு 1942-இல் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் பட்டம் தரப்பட்டது. 1960 நவம்பரில் தந்தை இறந்ததும், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி உறுப்பினராக இருந்த பென் அந்தக் கணமே பிரபுவாகிவிட்டார். மக்கள் சபையின் கதவு மூடிக்கொண்டது. 1961 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நீதிமன்றமோ, பிரபு ஒருவர் உறுப்பினராக முடியாது என்று சொல்லி, தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கு இடத்தைக் கொடுத்தது. வாக்களித்த மக்களின் தீர்ப்பை ஒரு தந்தையின் மரணம் தள்ளுபடி செய்தது.

இதன் விளைவாக வந்ததே 1963-ஆம் ஆண்டுப் பிரபுத்துவச் சட்டம். பட்டம் வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் அதைத் துறக்க அது வழி செய்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூலை 31 அன்றே பென் பட்டத்தைத் துறந்தார். ஆகஸ்டில் மக்கள் சபைக்குத் திரும்பினார். இந்தத் துறவு ஒருவரின் வாழ்நாளுக்கு மட்டுமே. பட்டம் அழிவதில்லை, அவர் இருக்கும்வரை உறங்குகிறது. 2014-இல் பென் இறந்ததும் மூத்த மகன் ஸ்டீபன் மூன்றாம் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் ஆனார்.

சட்டத்தால் பயன்பெற்ற இன்னொருவர் பதினான்காம் ஹோம் ஏர்ல். 1963 அக்டோபரில் பிரதமராகப் பொறுப்பேற்ற சில நாள்களில் பட்டத்தைத் துறந்து, நவம்பரில் இடைத்தேர்தலில் வென்றார். இடைப்பட்ட இரண்டு வாரங்கள் பிரிட்டனின் பிரதமர் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை.

ஒருவரின் ஆயுளோடு முடியும் வாழ்நாள் பிரபுப் பட்டத்துக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தபின், புதிய பரம்பரைப் பட்டங்கள் அரிதாயின. அரச குடும்ப உறவு ஏதுமில்லாத ஒருவர் கடைசியாக டியூக் ஆக்கப்பட்டது 1874-இல், வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் பட்டத்தில். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் சபையில் விட்டுவைத்து, அறுநூறுக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. அந்த 92 இடங்களில் காலியிடம் வந்தால் பரம்பரைப் பிரபுக்களுக்குள்ளேயே இடைத்தேர்தல் நடந்து வந்தது. 2016 ஏப்ரலில் நடந்த ஒன்றில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் இடத்துக்கு ஏழு வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் மூன்று பேர். மூன்று வாக்குகளையும் பெற்று வைகவுன்ட் தர்சோ வென்றார். இவர் 1999-இல் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2001 முதல் 2015 வரை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மக்கள் சபை உறுப்பினராக இருந்து, அங்கே தோற்றபின் மறுபடி பிரபுக்கள் சபைக்கு வந்தவர். எஞ்சிய இந்த இடங்களையும் நீக்குவதற்கான மசோதாவைத் தொழிற்கட்சி அரசு 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது. கவனிக்க வேண்டியது: இந்தச் சீர்திருத்தங்கள் அனைத்தும் சபையில் உட்காரும் உரிமையை வெட்டின; பட்டத்தை எவையும் தொடவில்லை.

பட்டத்தை எடுக்க முடியுமா?

வழிகள் நான்கு.

1. வாரிசின்றி அழிதல். இயற்கையான முடிவு.
2. அரியணையோடு கலத்தல். பட்டத்தை உடையவர் மன்னராகிவிட்டால், கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவராக இருக்க முடியாது என்ற கொள்கைப்படி பட்டம் கரைந்துவிடும்.
3. நாடாளுமன்றத் தண்டனை. ராஜத் துரோகக் குற்றத்துக்குச் சட்டமியற்றிப் பட்டத்தைப் பறிக்கும் பழைய முறை. நான்காம் நார்ஃபோக் டியூக் 1572-இல் தலை துண்டிக்கப்பட்டபோது போன பட்டம் 1660-இல்தான் அக்குடும்பத்துக்குத் திரும்பியது.
4. தனிச் சட்டம். முதல் உலகப் போரில் எதிரியின் பக்கம் நின்ற பிரபுக்களுக்காக 1917-இல் பட்டப் பறிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1919-இல் கம்பர்லண்ட் டியூக், ஆல்பனி டியூக் உள்ளிட்டோர் பட்டம் இழந்தார்கள். இருவரும் விக்டோரியாவின் குடும்பத்து ரத்த உறவினர்கள். ஜெர்மன் நாட்டு ஆட்சிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அச்சட்டம் அந்தப் போருக்கு மட்டுமே எழுதப்பட்டதால் இன்று பயன்படாது.

மன்னரின் கையெழுத்து மட்டும் என்ற வழி இந்தப் பட்டியலில் இல்லை என்பதே முக்கியம். அப்படியானால் 2025-இல் நடந்தது என்ன? முதல் வகையைச் சேர்ந்த ‘இளவரசர்’, ‘ராயல் ஹைனஸ்’ ஆகியவற்றை மன்னர் நவம்பர் 3 தேதியிட்ட பட்டயத்தால் நீக்கினார். அது அவருடைய தனி அதிகாரம். டியூக் பட்டத்தைப் பொறுத்தவரை, பிரபுக்கள் பதிவேட்டிலிருந்து ஆண்ட்ரூவின் பெயரை நீக்கச் செய்தார். இந்தப் பதிவேடு 2004-இல் அரச ஆணையால் ஏற்படுத்தப்பட்டு, நீதித் துறையைக் கவனிக்கும் அமைச்சரான லார்ட் சான்சலரின் பொறுப்பில் இருக்கிறது. இதில் பெயர் இல்லாதவரை அரசு ஆவணங்களில் பிரபு என்று குறிப்பிடவோ, வரிசை மரியாதையில் பிரபுவாக நடத்தவோ கூடாது.

நமக்குத் தெரிந்த உவமையில் சொன்னால், இது பட்டாவில் பெயரை நீக்குவது போன்றது. மூலப் பத்திரம் ரத்தாகவில்லை. 1986-ஆம் ஆண்டுப் பட்டயம் என்ற அந்த மூலப் பத்திரத்தை ரத்து செய்ய நாடாளுமன்றச் சட்டம் தேவை. ஒரு தனி மனிதருக்காக நாடாளுமன்றத்தின் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று கருதுவோர் பதிவேட்டு வழியே போதும் என்பார்கள். நடைமுறைப் பயன் நிறைவேறியது என்ற அளவில் அது சரி. ஆனால் சட்டத்தில் இருப்பதைப் பெயரளவில் மறைத்துவைக்கும் ஏற்பாடு என்ற குறை அதில் இருக்கத்தான் செய்கிறது.

மகள்களின் நிலையும் இப்போது விளங்கும். அவர்கள் மன்னரின் மகனுடைய பிள்ளைகள் என்பதால், 1917-ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி தம் சொந்தத் தகுதியிலேயே இளவரசிகள். தந்தையின் டியூக் பட்டத்திலிருந்து அது வரவில்லை. அரியணை வரிசை நாடாளுமன்றச் சட்டங்களால் அமைவது. பட்டத்தின் நீக்கம் அதைத் தொடாது.

யார்க் பட்டத்தின் எதிர்காலம்

மன்னரின் இரண்டாம் மகனுக்கு வழங்கும் மரபுள்ள இந்தப் பட்டம் 1474 முதல் ஒருமுறை கூடத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியதில்லை. பெற்றவர் மன்னராகியிருப்பார், அல்லது ஆண் வாரிசின்றி இறந்திருப்பார். எட்டாம் ஹென்றி, முதலாம் சார்லஸ், இரண்டாம் ஜேம்ஸ், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் ஆகியோர் யார்க் டியூக்காக இருந்து மன்னரானவர்கள். இரண்டாம் ஜேம்ஸ் டியூக்காக இருந்த காலத்தில்தான், 1664-இல், அமெரிக்காவில் டச்சுக்காரரிடமிருந்து பிடித்த ஊருக்கு நியூயார்க் என்று பெயர் வந்தது. ஆண்ட்ரூவுக்கு இரண்டும் மகள்கள். நாடாளுமன்றம் இடையில் சட்டம் எதுவும் செய்யாவிட்டால், அவருடைய மரணத்தோடு இந்தப் பட்டம் முதல் வழியிலேயே அழியும். அதன்பின் எந்த மன்னரும் அதை வேறொருவருக்குப் புதிதாக அளிக்கலாம்.

அப்படிப் புதிதாக எழுதப்படும் பட்டயம் பழைய வாய்ப்பாட்டையே பின்பற்ற வேண்டியதில்லை என்பதற்கு எடின்பரோ டியூக் பட்டம் அண்மைச் சான்று. 1947-இல் இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப்புக்கு அளிக்கப்பட்ட அது, 2021 ஏப்ரலில் அவர் இறந்ததும் மூத்த மகன் சார்லஸுக்கு இறங்கியது. 2022 செப்டம்பர் 8 அன்று சார்லஸ் மன்னரானபோது அரியணையோடு கலந்தது. 2023 மார்ச் 10 அன்று தம்பி எட்வர்டுக்கு அதே பெயரில் புதிய பட்டயம் எழுதிய மன்னர், ஆண் வாரிசுகளுக்கு என்ற தொடரை விட்டுவிட்டு ‘வாழ்நாளுக்கு’ என்று எழுதினார். எட்வர்டுக்கு மகன் இருக்கிறார். எனினும் எடின்பரோ பட்டம் அவருக்கு இறங்காது.